கூழ் வடாமுக்கு ஓர் அனுமதிக் கடிதம்

போன ஞாயிற்றுக்கிழமை காலை கேம்ப் ரோட்டில் ஆட்டோ பிடித்தேன். மேடவாக்கம் போக வேண்டும். கையில் ஒரு எவர்சில்வர் டப்பா. சீட்டில் வைத்தால் உருண்டுவிடும் என்று மடியில் வைத்து இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன்.

ஓட்டுநர் கண்ணாடி வழியாக என்னைப் பார்த்துக்கொண்டே வந்தார். ஒரு தண்ணீர் லாரிக்குப் பின்னால் வண்டி நின்றதும் பொறுக்க முடியாமல் கேட்டுவிட்டார்.

"இன்னா சார், டப்பாவ அப்டி கட்டிப் புட்ச்சிகினு வர்றீங்க... உள்ள நகை எதுனா கீதா?"

"வடாம்."

"வடாமா? கடைக்குக் கடை பாக்கெட்டா தொங்குதே சார். இத்தக் குடுக்கவா இந்த டிராஃபிக்ல மேடவாக்கம்?"

"நானே போட்டது."

அவர் மறுபடியும் கண்ணாடியைப் பார்த்தார். "வூட்டம்மா இல்லியா சார்?" என்றார், குரலைத் தாழ்த்தி.

இருக்கிறாள். விஷயமே அதுதான்.

மேடவாக்கத்தில், ஒரு பெரிய அடுக்ககத்தின் எட்டாவது மாடியில் கமலா டீச்சர் இருக்கிறார். போன வருடம்வரை சேலையூரில் எங்களுக்கு நேர் மேல் வீட்டில் இருந்தவர். ஓய்வு பெற்ற தமிழாசிரியை. என் மனைவி வசந்தாவுக்கு இந்த ஊரில் கிடைத்த ஒரே சிநேகிதி.

எங்கள் குடியிருப்பு சின்னது. தரைத்தளத்துக்கு மேல் மூன்று மாடி, எட்டு வீடு. லிஃப்ட் கிடையாது. பங்குனி பாதி தாண்டியதும் டீச்சரும் வசந்தாவும் மூன்று நாள் கூழ் வடாம் போடுவார்கள். காலை ஐந்து மணிக்கே டீச்சர் வீட்டு அடுப்பில் கூழ் கொதிக்கும். அரிசி மாவு, ஜவ்வரிசி, பச்சை மிளகாய், பெருங்காயம், இறக்கியதும் எலுமிச்சம் பழம். அந்த வாசனை படி வழியாக எங்கள் வீட்டுக்கு இறங்கி வரும். ஏழு மணிக்குள் இரண்டு பேரும் பாத்திரத்தை மொட்டை மாடிக்குத் தூக்கிக்கொண்டு போய்விடுவார்கள். என் பழைய எட்டு முழ வேஷ்டியை நனைத்து விரித்து, கரண்டியால் வட்டம் வட்டமாக ஊற்றுவார்கள். காக்காய் வராமல் இருக்க ஒரு கறுப்புக் குடை.

அந்த மூன்று நாளும் எனக்கு மூன்று வேளையும் உப்புமாதான். அந்த மூன்று நாளும் வசந்தா பாடுவாள். மற்ற நாட்களில் அவள் பாடி நான் கேட்டதில்லை.

உப்புமாவைப் பற்றி நான் குறை சொல்லியிருக்கிறேன். பாட்டைப் பற்றி ஒன்றும் சொன்னதில்லை.

பத்திரிகையில் என் பத்தியைத் தொடர்ந்து படிக்கிறவர்களுக்கு என் பூர்வாசிரமம் தெரியும். அரசு அலுவலகத்தில் முப்பத்து நான்கு வருடம். ஒரு காகிதம் எந்த மேஜையிலிருந்து எந்த மேஜைக்குப் போக வேண்டும், எங்கே இனிஷியல், எங்கே முழுக் கையெழுத்து... தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். ஓய்வு பெற்றதும் குடியிருப்புச் சங்கத்துக்கு என்னைச் செயலாளர் ஆக்கினார்கள். சங்க விதிகளைப் படித்திருந்தவன் நான் ஒருவன்தான். வேறு தகுதி எதுவும் கேட்கவில்லை.

முந்தின வருட மழையில் மூன்றாம் மாடிக் கூரை ஒழுகியது. மொட்டை மாடிக்குக் கசிவுத் தடுப்புப் பூச்சு அடித்து, மேலே வெள்ளை பெயின்ட்டும் அடித்தோம். "கொஞ்ச நாள் பாத்துப் புழங்குங்க சார்" என்றார் வேலை செய்தவர்.

பார்த்துப் புழங்குவது என்றால் என்ன? எனக்குத் தெரிந்த ஒரே வழி, பூட்டுவது. பூட்டினேன். சுற்றறிக்கை ஒன்றும் ஒட்டினேன். மாடியைப் பயன்படுத்த விரும்புவோர் ஒரு வாரத்துக்கு முன் எழுத்து மூலம் விண்ணப்பித்துச் செயலாளரிடம் சாவி பெற்றுக்கொள்ள வேண்டியது.

போன பங்குனியில் டீச்சர் விண்ணப்பம் கொடுத்தார். அனுப்புநர், பெறுநர், ஐயா... எல்லாம் முறைப்படி. 'பொருள்: மொட்டை மாடியில் கூழ் வடாம் உலர்த்த மூன்று நாட்கள் அனுமதி வேண்டுதல் – தொடர்பாக.' முத்து முத்தான கையெழுத்து. படித்ததும் எனக்கு ஏற்பட்ட சந்தோஷத்தை இப்போது நினைத்தால் கூச்சமாக இருக்கிறது. பழைய மேஜைக்கே திரும்பிப் போய் உட்கார்ந்தது போல இருந்தது.

திருப்பி அனுப்பினேன். எந்த மூன்று நாட்கள் என்று குறிப்பிடவில்லை.

தேதி போட்டு மறுபடியும் கொடுத்தார். அதையும் திருப்பினேன். மாடிக்கு நேர் கீழே இருப்பவை மூன்றாம் மாடியின் இரண்டு வீடுகள். ஒழுகினால் பாதிக்கப்படுவது அவர்கள்தானே? அவர்களுடைய ஆட்சேபணை இல்லை என்ற கையெழுத்து வேண்டும் என்று எழுதினேன். அழகான வாக்கியம். இன்றைக்கும் அதில் ஒரு சொல்லை மாற்ற முடியாது.

வசந்தா மட்டும் ஒரு நாள் கேட்டாள். "ஏங்க, வடாம்தானே போடப் போறோம்? பந்தலா போடப் போறோம்?"

"உனக்காக ஒரு விதி, ஊருக்காக ஒரு விதின்னு இருக்க முடியாது" என்றேன். சட்டத்தின் முன் மனைவியும் சமம் என்று காட்டியதில் ஒரு பெருமை வேறு.

மூன்றாம் மாடியில் ஒரு வீட்டார் கோயம்புத்தூர் போயிருந்தார்கள். எப்போது வருவார்கள் என்று யாருக்கும் தெரியவில்லை. பன்னிரண்டு நாள் கழித்து இரண்டு கையெழுத்தும் வந்து சேர்ந்தது. விண்ணப்பம் இப்போது குறையற்றது. அன்று மாலையே அனுமதிக் கடிதம் தயாரித்தேன். ஐந்து நிபந்தனைகள். கடிதத்தையும் சாவியையும் எடுத்துக்கொண்டு நானே படி ஏறிப் போனேன். சேவை என்றால் அப்படி இருக்க வேண்டும் இல்லையா?

டீச்சர் வீடு பூட்டியிருந்தது.

கீழே வந்து வசந்தாவைக் கேட்டேன். கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். நிமிரவில்லை.

"மத்தியானமே ஆஸ்பத்திரிக்குப் போயிட்டாங்க. ரெண்டு முட்டியும் ஆபரேஷன். தேதி ஒரு மாசம் முன்னாடியே குறிச்சது. அதுக்குள்ள வடாத்தை முடிச்சிடணும்னுதான் பாத்தாங்க. அப்புறம் படி ஏறவே கூடாதுன்னு டாக்டர் சொல்லிட்டாராம். பொண்ணு வீட்டுக்கே போயிடப் போறாங்க, லிஃப்ட் இருக்குன்னு. இதுதான் கடைசி வருஷம்னு அவங்களுக்குத் தெரியும். எனக்கும் தெரியும்."

"என்கிட்ட ஏன் சொல்லல?"

"விண்ணப்பத்துல காரணம் எழுதச் சொல்லலியே நீங்க."

கீரைத் தண்டை ஒடித்துக்கொண்டே அவளே சொன்னாள். "சாவி நம்ம வீட்டு ஆணியிலதானே தொங்குச்சு. எடுத்துக் குடுக்கறேன்னேன். டீச்சர்தான் வேணாம்னுட்டாங்க. 'சார் முறைப்படியே குடுக்கட்டும் வசந்தா. ரிட்டையர் ஆனதுல இருந்து பாவம், அவருக்கு ஒரு வேலையும் இல்ல'ன்னாங்க."

என் வாழ்நாளில் என் அதிகாரத்தைப் பற்றி எழுதப்பட்ட ரகசியக் குறிப்புகள் பல உண்டு. இவ்வளவு துல்லியமானது எதுவும் இல்லை.

இந்த வருடம் பங்குனி வந்தது. வசந்தா கடையிலிருந்து ஒரு பாக்கெட் வடாம் வாங்கி வந்து சாம்பார் பொடி டப்பாவுக்குப் பக்கத்தில் வைத்தாள். நீ மட்டும் போட்டால் என்ன என்று கேட்டேன். "ஒத்தையா என்னத்தக் கிளறறது?" என்றாள். நான் கிளறுகிறேன் என்று சொல்லியிருக்கலாம். சொல்லத் தோன்றவில்லை. அதற்குப் பதிலாக, நானே போட்டுக் காட்டுகிறேன் என்று தோன்றியது. என் புத்தி எப்போதும் இப்படித்தான்.

இணையத்தில் எட்டு வீடியோ பார்த்தேன். ஒப்பிட்டு, ஒரு செயல்முறைத் தாள் எழுதி, ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டினேன். அளவெல்லாம் கிராமில். சித்திரை முதல் வாரத்தில் ஒரு நாள் காலை ஐந்து மணிக்கு அடுப்பைப் பற்ற வைத்தேன்.

மாவு கொட்டியதும் கட்டி தட்டியது. கிளறக் கிளறக் கூழ் கனத்துக்கொண்டே போனது. பத்தாவது நிமிடம் தோள்பட்டை கழன்றுவிடும் போல இருந்தது. வசந்தா எழுந்து வந்து சமையலறை வாசலில் நின்றாள். வெந்த கூழை ஒரு சொட்டு எடுத்து நாக்கில் வைத்துப் பார்த்தேன். உப்பு கச்சிதம். "சரியா இருக்கு" என்றேன். அவள் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். பிறகு காபிக்குப் பாலை எடுத்துக்கொண்டு நகர்ந்துவிட்டாள்.

பாத்திரத்தைத் தூக்கிக்கொண்டு படி ஏறினேன். முதல் மாடியிலிருந்து மொட்டை மாடிக்கு. இரண்டாம் மாடி திருப்பத்தில் ஒரு முறை கீழே வைத்தேன். மூன்றாவதில் இன்னொரு முறை. என் முழங்கால்கள் நல்ல முழங்கால்கள். அவையே என்னோடு பேச ஆரம்பித்துவிட்டன.

அந்தப் படியில் நின்றுகொண்டுதான் முதல் முறையாக அந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்தேன். கோயம்புத்தூர்க்காரர்கள் வந்துவிட்டார்களா என்று டீச்சர் எத்தனை முறை இதே படியில் ஏறி இறங்கியிருப்பார்?

வடாம் இரண்டு நாளில் காய்ந்தது. வேஷ்டியின் பின்புறம் தண்ணீர் தெளித்து உரித்தேன். பாதி உடைந்தது. உடையாததை டப்பாவில் போட்டுக்கொண்டு, வசந்தாவையும் கூப்பிட்டேன். "நான் அடிக்கடி போய்க்கிட்டுதான் இருக்கேன். நீங்க போயிட்டு வாங்க" என்றாள். அடிக்கடி போகிறாள் என்பதே எனக்கு அப்போதுதான் தெரியும். சாயங்காலம் கோயிலுக்குப் போகிறாள் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

எட்டாவது மாடியில், டீச்சர் கையில் ஊன்றுகோலோடு வந்து கதவைத் திறந்தார். "வாங்க சார், வாங்க. வெயில்ல வந்திருக்கீங்க, மோர் குடிங்க முதல்ல." கொஞ்சம் இளைத்திருந்தார். சிரிப்பு இளைக்கவில்லை. டப்பாவைத் திறந்து பார்த்துவிட்டு, "வசந்தா போட்டதில்லையே இது" என்றார்.

"நான்தான்."

"நீங்களா?" என்று நாற்காலியில் உட்கார்ந்தேவிட்டார். மகளைக் கூப்பிட்டு நாலு வடாம் பொரிக்கச் சொன்னார். தட்டில் வந்தது. ஒன்றை உடைத்து வாயில் போட்டார். மெதுவாக மென்றார். முப்பது வருடம் விடைத்தாள் திருத்தியவர். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

"உப்பு..." என்று நானே ஆரம்பித்தேன்.

"கொஞ்சம் தூக்கலா இருக்கு. கூழா இருக்கறப்ப வாயில வெச்சுப் பாத்தீங்களா?"

"பாத்தேன் டீச்சர். சரியா இருந்துது."

"அங்க சரியா இருந்தா தப்பு சார். கூழ்ல சப்புன்னு இருக்கணும். காயக் காயத் தண்ணி போயிடும், உப்பு எங்க போகும்? அங்கயேதானே இருக்கும்."

"எட்டு வீடியோல ஒருத்தரும் இதைச் சொல்லலை."

"வசந்தாவுக்குத் தெரியுமே" என்றார்.

தெரியும். வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

மோரைக் கீழே வைத்தேன். "டீச்சர், போன வருஷம் அந்தக் கையெழுத்துக்காக எத்தனை தடவை மேல ஏறினீங்க?"

"அதெல்லாம் எதுக்கு சார் இப்ப."

"சொல்லுங்க."

"நாலு தடவை." அவர் ஜன்னல் பக்கம் பார்த்தார். "கடைசியா கையெழுத்து வாங்கினப்போ, இவ்வளவு தூரம் வந்தாச்சேன்னு இன்னும் பத்துப் படி ஏறி மாடிக் கதவுகிட்ட போனேன். பூட்டியிருந்துது. கம்பி வழியா பாத்தேன். வெள்ளையா பெயின்ட் அடிச்சு அவ்வளவு சுத்தமா இருந்துது சார். நல்ல வெயில் வேற. அன்னிக்குப் போட்டிருந்தா ஒரே நாள்ல காஞ்சிருக்கும்."

குரலில் குற்றச்சாட்டு எதுவும் இல்லை. இருந்திருந்தால் பதில் சொல்லியிருப்பேன். குற்றச்சாட்டுக்குப் பதில் எழுதுவதில் எனக்கு நல்ல பயிற்சி உண்டு.

"என்னை மன்னிச்சிடுங்க டீச்சர்" என்றேன். இதற்கு எந்த வடிவமும் நான் கற்றிருக்கவில்லை. வாக்கியம் மொட்டையாக விழுந்தது.

"நீங்க வடாம் போட்டுக் கொண்டு வந்திருக்கீங்க. அப்புறம் என்ன?" என்றார். கிளம்பும்போது, "இங்க மொட்டை மாடி யாருக்குமே கிடையாது சார். விண்ணப்பம்கூடப் போட முடியாது" என்று சிரித்தார். நானும் சிரித்துவைத்தேன்.

வீட்டுக்கு வந்ததும் செயலாளர் பதவியிலிருந்து விலகல் கடிதம் எழுதிக் கொடுத்தேன். ஒரு கேள்விகூட வரவில்லை; அன்று மாலையே ஏற்றுக்கொண்டார்கள். மாடிப் பூட்டையும் கழற்றிவிட்டேன்.

ராத்திரி சாப்பிடும்போது வசந்தாவிடம் கேட்டேன். "அடுத்த வருஷம் நாம ரெண்டு பேருமா வடாம் போடலாமா? நான் கிளறறேன். நீ உப்பு பாரு."

அவள் ரசத்தை ஊற்றினாள்.

"பாக்கலாம்" என்றாள்.

முப்பத்து நான்கு வருடம் எத்தனையோ பேருடைய காகிதங்களில் நான் எழுதி அனுப்பிய பதில்தான் அது. அதற்குப் பிறகு அவர்கள் எவ்வளவு காலம் காத்திருந்தார்கள் என்று ஒரு நாளும் விசாரித்ததில்லை.