சானோவின் பச்சை வேலி

வேலி போடச் சொன்னால் தோப்புப் போட்ட ஆள் உலகத்திலேயே சானோ பெல்த்ரான் ஒருவனாகத்தான் இருப்பான். கலியாணமான புதிதில், ஆடு ஆற்றில் இறங்காமலிருக்க ஒரு வேலி கட்டச் சொன்னாள் மனைவி எர்மினியா. காய்ந்த கம்பு தேடி அலைய அவனுக்கு உடம்பு வணங்கவில்லை. கரையில் நின்ற ஆலமோ மரத்தில் பச்சைக் கம்புகளை வெட்டி வரிசையாக ஊன்றிவிட்டு வந்து படுத்துக்கொண்டான். டூசான் நகரம் தன் கழிவுநீரைச் சுத்தப்படுத்தி விடுகிற தண்ணீர் அந்த மணலாற்றில் எப்போதும் கசிந்துகொண்டிருக்கும். கம்பெல்லாம் கிளுவை மாதிரி வேர் பிடித்துத் துளிர்த்துவிட்டன.

"வேலி கேட்டா காடு வளத்திருக்கே. அதுலயே குடித்தனம் பண்ணு, போ!" என்றாள் எர்மினியா.

அவனும் ஏறக்குறைய அப்படித்தான் செய்தான். பகலெல்லாம் புது வீடுகளுக்குச் சுவர் பூசுவான். சாயங்காலம் மரத்தடியில் கிடப்பான். கோடையில் மஞ்சள் மூக்குக் குயில் வரும். அது கூச்சக்காரப் பறவை, கண்ணில் படாது. இடி இடித்தால் மட்டும் பதில் சொல்லும். இல்லாவிட்டால் எர்மினியா கோபத்தில் சமையலறை இரும்புக் கதவை அறைந்தால் சொல்லும். இந்த இரண்டாவது சங்கதியைச் சானோ அவளிடம் சொன்னதே இல்லை. சொன்னால் கதவை அறைவதை நிறுத்திவிடுவாளே!

அவன் பூசிய வீடுகள் பெருகிப் பெருகி அக்கரைக்கே வந்துவிட்டன. இப்போது அவற்றுக்கு ஒரு பாலம் வேண்டுமாம், மரங்களை வெட்ட வேண்டுமாம். அந்தக் குயில் அருகிவரும் இனமாம்; அது குடியிருப்பது உறுதியானால் மட்டும் பாலத்தைத் தள்ளிக் கட்டுவார்கள். அதன் குரல் கேட்கிறதா என்று பதிந்துபோகப் பறவைக் கணக்கெடுக்கிற மரிசேலா என்ற பெண் இரண்டு முறை வந்தாள். குயில் வாயே திறக்கவில்லை. இன்று கடைசி முறை.

விருந்தாளி வந்திருக்கிறாளே என்று எர்மினியா குழைந்து குழைந்து பேசினாள். கதவைப் பூப்போலச் சாத்தினாள். மரிசேலா கிளம்ப எழுந்தாள்.

"இரும்மா, சூடா ரொட்டி சுட்டிருக்கேன், ஒரு டோர்ட்டியா சாப்பிட்டுப் போ" என்றாள் எர்மினியா.

சானோ மரங்களைப் பார்த்தான். கண்ணை மூடிக்கொண்டு சொன்னான்: "டோர்ட்டியான்னா இவ தங்கச்சி சாயோ சுடணும். இவளுது சும்மா தோலு."

எர்மினியா இடுப்பில் கையை ஊன்றினாள். "முப்பது வருஷமா என் கையால தின்னுட்டு... யோவ்!"

உள்ளே போனாள். இரும்புக் கதவை வீடே அதிர அறைந்தாள்.

தோப்புக்குள்ளிருந்து கா-கா-கா-கவ்-கவ் என்று நீளமாக ஒரு குரல் வந்தது. மரிசேலா துள்ளிக் குதித்தாள். "குயிலேதான் தாத்தா! மரம் தப்பிச்சுது!" அதைக் கேட்டு வெளியே வந்த எர்மினியாவுக்கு, சானோ கதவைக் காட்டிச் சொன்னதும் விஷயம் புரிந்தது; சிரித்த சிரிப்பில் வந்த கண்ணீரைத் துடைத்தே சமையல் துணி நனைந்துவிட்டது.

சாயங்காலம் சூடாக நாலு டோர்ட்டியாவைக் கொண்டுவந்து மரத்தடியில் வைத்தாள். "ஏய்யா, குயிலுக்காகத்தானே அப்படிச் சொன்னே? பொய்தானே?"

"பின்னே?" என்று சானோ ஒரு பெரிய வாய் கடித்தான். தோல் மாதிரிதான் இழுத்தது. அவளை அவனுக்கு அவ்வளவு பிடிக்கும். "பொய்யேதான்."

அன்று அவன் சொன்ன ஒரே பொய் அதுதான்.