பச்சைப் பெட்டிக்குள் எட்டிப் பார்த்தேன்

என் கணவருக்கு அமெச்சூர் ரேடியோ பைத்தியம். போன மாதம் பழைய ராணுவ ரேடியோ பெட்டி ஒன்றைத் சிங்கப்பூர் தோ பாயோவில் இருக்கும் எங்கள் வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு வந்தார். பச்சை நிறம், பெயர்த்தகடு இல்லை. சிக்னல் அனுப்புகிற டிரான்ஸ்மிட்டரா, வெறுமனே கேட்கிற ரிசீவரா என்று அவருடைய வாட்ஸ்அப் குழுவில் ஒரே சண்டை. முன்பக்கம், பின்பக்கம், அடிப்பக்கம் என்று படம் எடுத்தே என் கை ஓய்ந்துபோனது.

ஒருநாள் காலை பெட்டிக்கு மின்சாரம் கொடுத்துப் பார்த்தார். பிறகு பிளக்கைப் பிடுங்கிவிட்டு சாங்கிக்கு வேலைக்குக் கிளம்பினார். பஸ்ஸில் இருந்தே போன்.

"மூடியைக் கழட்டி உள்ள கண்ணாடி பல்பு மாதிரி இருக்கிற வால்வை ஒரு படம் எடுத்து அனுப்பும்மா. பிளக்கைத்தான் பிடுங்கியாச்சே, பயப்படாத லா."

வால்வை மறைத்த ஒயரை ஸ்குரூட்ரைவரால் ஒதுக்கினேன். அதன் நுனி எதன் மேல் பட்டதோ, பட்டாசு மாதிரி சத்தம், நெருப்புப் பொறி! நுனி உருகிவிட்டது. பிளாஸ்டிக் பிடி இருந்ததால் நான் பிழைத்தேன்.

போனில் அவரிடம் கத்தினேன். "ஐயோ, பிளக்கைப் பிடுங்கினாலும் கெப்பாசிட்டர்ல கரண்ட் நிக்கும். சொல்ல மறந்துட்டேன்" என்றார்.

குழுவிலும் நடந்ததைச் சொன்னார். நலம் விசாரிப்பார்கள் என்று பார்த்தால், ஒருவர் எழுதுகிறார்: "சாதாரண ரிசீவர்ல இவ்வளவு வோல்டேஜ் இருக்காது. அப்ப இது டிரான்ஸ்மிட்டர்தான்!" கீழே வரிசையாகக் கைதட்டல். என் கணவருடையதும் அதில் ஒன்று.

இப்போதெல்லாம் யாராவது படம் கேட்டால் வீட்டு முகவரியை அனுப்பிவிடுகிறேன். வந்து அவரவர் கையை விட்டுப் பார்த்துக்கொள்ளட்டும்.