ஆர்வோவுக்கு வெட்டிய சிலுவை

மனைவி ஹெல்வெயின் பூட்ஸை ஆர்வோ அலமாரிக்குள் வைத்துப் பூட்டிவிடுவான். சாவி அவன் சட்டைப்பையில். முழங்கால் பனியில் வெறுங்காலோடு எந்த மகராசி வெளியே கிளம்புவாள்? இப்படியே முப்பத்தோரு குளிர்காலம் போயிற்று. கோடையில் கடைக்குப் போனால் கூடவே வந்து வாசலில் காவல் நிற்பான். ஊர் அதைப் பாசம் என்றது. ஊருக்கென்ன, சொல்லிவிட்டுப் போகும்.

மார்ச் மாதம் மாரடைப்பில் போய்ச் சேர்ந்தான். அவளுக்கு அழுகை வரவில்லை, பயம்தான் வந்தது. செத்தவன் வீட்டு நினைப்பில் கல்லறையிலிருந்து நடந்து வருவான் என்பது அந்தப் பக்கத்தில் சின்னக் குழந்தைக்கும் தெரியும். அதற்காகத்தான் சவ ஊர்வலம் போகிற வழியில் பைன் மரத்தில் சிலுவை வெட்டுவார்கள். அதைத் தாண்டி அவனால் வர முடியாது.

ஆர்வோவின் சவ வண்டியை மரத்தடியில் நிறுத்தி ஆளுக்கொரு மிடறு வோட்கா குடித்தார்கள். ஆர்வோவின் தம்பி எண்டெல் உளியை எடுத்துப் பட்டையைச் சும்மா கீறினான்.

“ஆழமா வெட்டு, எண்டெல்.”

“போதும் அண்ணி. அண்ணனுக்குக் கண்ணு நல்லாத்தான் தெரியும்.”

“அந்த மனுஷன் இதுக்கெல்லாம் அடங்குற ஆளா? கொடு இங்க.”

“பொம்பளைங்க வெட்டுற வழக்கம் இல்ல அண்ணி!”

“முப்பத்தோரு வருஷம் அவரோட குப்பை கொட்டினது நீயா, நானா?”

உளியைப் பிடுங்கி, உள்கட்டை வெள்ளையாகத் தெரியும்வரை வெட்டினாள். அன்று வீட்டுக்கு வந்து கறுப்பு ரொட்டியை நிதானமாகத் தின்றாள். எவ்வளவு நிம்மதியாக இருந்தது!

ஏப்ரலில் டார்ட்டு நகரத்திலிருந்து தங்கை லாய்னே கடிதம் போட்டாள். ஓர் அறை காலியாக இருக்கிறது, கிளம்பி வந்துவிடு என்று. ஹெல்வெ மறுநாளே பெட்டியைக் கட்டிக்கொண்டு பஸ்ஸுக்கு நடந்தாள்.

பைன் மரத்தருகே கால் நின்றுவிட்டது. ஆர்வோ இந்தப் பக்கம் வர முடியாது, சரி. அப்படியென்றால் மரத்துக்கு அந்தப் பக்கம்தான் நிற்கிறான். ஊரைவிட்டு வெளியே போக இருப்பதோ இந்த ஒரே சாலை. பஸ் நிற்பதும் அந்தப் பக்கம்தான். இது ஏன் அன்றைக்கே மண்டையில் உறைக்கவில்லை!

எண்டெல் சைக்கிளில் வந்தான். “என்ன அண்ணி, பஸ் வர்ற நேரமாச்சே? பின்னாடி ஏறுங்க, விட்டுடறேன்.”

“அங்க நிக்கிறாருடா.”

எண்டெல் சிரிக்கவில்லை. தொப்பியைக் கழற்றி, சாலையைப் பார்த்தான். “நாங்க எல்லாரும் தினமும் போயிட்டு வர்றோமே அண்ணி.”

“உங்களையா அவரு தேடுறாரு?”

மரத்துக்கு அப்பால் பஸ் வந்து நின்று கிளம்பும் சத்தம் கேட்டது. ஹெல்வெ பெட்டியைத் தூக்கிக்கொண்டு வீட்டைப் பார்த்து நடந்தாள்.