தகப்பன் வழி

பிள்ளைகள், இதை நீங்கள் இரண்டு பேரும் ஒன்றாக இருந்து வாசிக்க வேணும். உங்கட அப்பா, எட்டாம் வகுப்போடு படிப்பை விட்டவன், எழுதுகிறேன். டொக்டர் சொன்னதில் எனக்கு விளங்கினதை மட்டும் எழுதியிருக்கிறேன்.

சுனாமிக்குப் பிறகுதான் எனக்குச் சீனி வருத்தம், அதுதான் நீரிழிவு, என்று தெரிந்தது. கிளினிக்கில் எனக்கு நோயாளர் கொப்பி எழுதின தாதி மிஸ்ஸி, உங்கட ஆக்களில் யாருக்கும் சீனியோடு சிறுநீரகமும் பழுதானதா என்று கேட்டா. மனதுக்குள் எண்ணிப் பார்த்தேன். அம்மா, அம்மாவின் அக்காமார், மாமாமார் இரண்டு பேர். ஒருவருக்கும் இல்லை. உங்கட ஆக்கள் கல்லுத்தான் என்று சிரித்துவிட்டு 'இல்லை' என்று எழுதினா. எனக்கும் கொஞ்சம் பெருமையாகத்தான் இருந்தது.

எங்கட பக்கத்தில் பிள்ளை தாயின் குடி, தாய்வழி வம்சம்தான். கோயிலில் குடி சொல்லிக் கூப்பிட்டால் நான் அம்மாவின் ஆக்களோடுதான் போய் நிற்பேன். அப்பா எட்டத்தில் தன் ஆக்களோடு நிற்பார். அதனால் 'உங்கட ஆக்கள்' என்றதும் அப்பாவின் பக்கம் நினைவிலேயே வரவில்லை.

சண்டை முடிந்த வருசம் உங்கட அம்மா வேலைக்கு வெளிநாடு போனா. உங்களைத் தேற்றாத்தீவில் பெரியம்மா வீட்டில் விட்டோம். களுதாவளையில், சுனாமிக்குப் பிறகு கிடைத்த வீட்டில், நான் மட்டும். காலையில் தோட்டத்துக்குத் தண்ணி விடுவேன். வந்து ஒரு கோப்பையில் சோறு போட்டுச் சாப்பிடுவேன். ஒன்றுக்கு இருக்கையில் சலம் நுரைத்துப் போவதைக் கண்டேன். சொல்ல ஆளில்லை. ஒன்றிரண்டு மாதம் சும்மா இருந்துவிட்டேன்.

பிறகு கிளினிக்குக்குப் போனபோது புது டொக்டர் இருந்தா. உங்கட அம்மாவின் வயதுதான் இருக்கும். சலத்தில் புரதம் போகிறது, சீனி எல்லாருடைய சிறுநீரகத்தையும் ஒரே மாதிரிப் பழுதாக்காது, சில குடும்பங்களில் அது பரம்பரையாக வரும் என்று சொல்லி, அந்தப் பழைய கேள்வியையே கேட்டா. நானும் பழைய பதிலையே சொன்னேன்.

"அப்பா எப்பிடிச் செத்தவர்?"

"சுனாமியில, டொக்டர்."

எழுதிக்கொண்டிருந்த பேனையை வைத்துவிட்டா. "அதுக்கு முதல் அவருக்கு என்ன வருத்தம் இருந்தது, ஐயா?"

அவருடைய கால்கள்தான் நினைவில் வந்தன. கடைசி வருசம் செருப்புக்குள் நுழையாத கால்கள். வாவிக்குள் நின்று வலை போடுகிறவர், தண்ணியில் ஊறின கால் என்று விட்டுவிட்டோம். அலை வந்து போன பிறகு எல்லாருமே வீங்கித்தான் கிடந்தார்கள். அதில் அப்பாவின் காலை மட்டும் ஆர் தனியாகப் பார்த்தது?

அப்பாவின் பக்கத்தில் மிஞ்சி இருந்தது பனிச்சங்கேணியில் அவருடைய தங்கச்சி, என் மாமி மட்டும். சண்டைக் காலத்தில் போய்வர வழியில்லை. வழி திறந்த பிறகும் நான் போகவில்லை. இப்போது பஸ் ஏறிப் போய் முற்றத்தில் நின்றேன். மாமி என்னை மேலும் கீழும் பார்த்தா.

"அப்பன்ட மூக்கை முகத்தில வச்சிக்கிட்டுத் திரியிறாய். அப்பன்ட சனத்தைத் தேட இப்பதான் வழி தெரிஞ்சதோ, மனே?"

செருப்பைக் கழற்றிவிட்டுத் திண்ணையில் குந்தினேன். தேத்தண்ணி தந்தா, சீனி போடாமல். தனக்கும் அதே வருத்தமாம். பிறகு கேட்டதற்கெல்லாம் சொன்னா. அப்பாவின் அண்ணன் சீனி வருத்தம் முற்றி, முகமும் காலும் ஊதி, சலம் போகாமல் செத்தவர். ஊரில் செய்வினை என்று கதைத்தார்களாம். அப்பாவுக்கும் சீனி இருந்து, அதே வீக்கம் தொடங்கியிருந்தது. சமாதான காலத்தில் பார்க்க வந்தபோது, எங்களுக்குச் சொல்ல வேண்டாம் என்று தங்கச்சியிடம் சத்தியம் வாங்கினாராம்.

அடுத்த கிளினிக்கில் டொக்டர் 'இல்லை' என்பதை வெட்டி 'இருக்கு' என்று எழுதினா. சிறுநீரகத்தைக் காக்க விழுங்கச் சொல்லிப் பிரஷர் குளிசையும் தந்தா. பிள்ளைகள் வளர்ந்ததும் சீனியையும் சலத்தையும் நேரத்தோடு பார்க்கச் சொல்லுங்கள், வந்தே தீரும் என்று இல்லை, பிந்தாமல் பார்த்தால் காப்பாற்றலாம் என்றா.

பஸ்ஸில் வரும்போது அதையே நினைத்துக்கொண்டு வந்தேன். நீங்களும் அம்மாவின் குடி. கோயில் கணக்கில் நான் உங்கட ஆள் இல்லை. நாளைக்கு ஒரு மிஸ்ஸி கேட்டால் நீங்களும் அம்மாவின் பக்கத்தை மட்டும் எண்ணிவிட்டு 'இல்லை' என்பீர்கள். அப்போது நான் பக்கத்தில் இருப்பேனோ தெரியாது.

வீட்டில் ஒருவரும் இல்லை. அலுமாரியைத் திறந்து, நீங்கள் பிறந்தபோது மருத்துவமாது தந்த, ஊசி எழுதுகிற காட் அட்டை இரண்டையும் எடுத்தேன். பின்பக்கத்தில், 'தகப்பன் வழி: தகப்பன், அவருடைய தகப்பன், அந்தத் தகப்பனின் அண்ணன். சீனி, பிறகு சிறுநீரகம்' என்று இரண்டிலும் எழுதினேன். மை காயும்வரை மேசையில் திறந்தபடி வைத்திருந்து, மடித்துத் திரும்ப உள்ளே வைத்தேன்.