சாமந்தி அடைத்த தண்ணீர்

இப்போது நான் வேலை செய்யும் லேபில் பட்டனை அழுத்தினால் போதும், மெஷினே இரும்பை வெட்டிவிடுகிறது. எனக்கு அது பிடிக்கவே இல்லை. காரமடை ரோட்டில் இருந்த அந்தப் பழைய பம்பு பவுண்டரியும், கையால் இறக்கும் கைப்பிடி வைத்த கட்டிங் மெஷினும், அதன் எண்ணெய்த் தண்ணீர் வாசமும்தான் இன்னும் என் மனசில் இருக்கின்றன.

தினமும் உலையிலிருந்து இரும்பு ஊற்றும்போது ஒரு சாம்பிள் கம்பி எங்களுக்கு வரும். அதை வெட்டி, தேய்த்து, எவ்வளவு கடினம் என்று பார்த்துச் சொல்வது என் வேலை. வெட்டும் சக்கரம் அப்பளம் மாதிரி மெலிசு; கோணலாக அழுத்தினால் சில்லுச் சில்லாகத் தெறிக்கும். அதனால் கம்பியை இரண்டு பக்கமும் இறுக்கி, மூடியைச் சாத்தி, கண்ணாடி மாட்டிக்கொண்டுதான் ஸ்விட்சைத் தொடுவேன். வெட்டும்போது சூடேறாமல் இருக்க, அடித் தொட்டியிலிருந்து எண்ணெய் கலந்த தண்ணீர் குழாய் வழியாகச் சக்கரத்தின் மேல் விழுந்துகொண்டே இருக்கும். மூடி திறந்திருக்கும்போது யாராவது அந்தப் பக்கம் கை கொண்டுபோனால் என் வாயில் நல்ல வார்த்தை வராது. கைப்பிடியையும் அழுத்த மாட்டேன், மெதுவாகத்தான் இறக்குவேன். உலையைப் பார்த்துக்கொண்ட அண்ணன் சாம்பிளோடு வரும்போதெல்லாம் சீண்டுவார்: "ஏனுங்க அம்மணி, இரும்பை அறுக்கறீங்களா, தாலாட்டறீங்களா?"

அவர் இருபது வருஷமாக அந்த உலை வாயில் நின்றவர். நிறத்தைப் பார்த்தே இரும்பு பதமாகிவிட்டதா என்று சொல்லிவிடுவார்.

அந்த வருஷம் ஆயுத பூஜைக்கு மெஷினை நானே கழுவித் துடைத்தேன். மூடியின் கண்ணாடியில் திருநீற்றுப் பட்டை போட்டு, சந்தனம் குங்குமம் வைத்து, பெரிய சாமந்தி மாலை ஒன்றைச் சாத்தினேன். பூஜைத் திருநீற்றை நாங்கள் யாரும் துடைக்க மாட்டோம். தானாக உதிரட்டும் என்று விட்டுவிடுவோம். விடுமுறை முடிந்து வந்த காலையில் காய்ந்த மாலையை மட்டும் எடுத்துப் போட்டுவிட்டு, முதல் சாம்பிளை மாட்டினேன். வெட்டும்போது கருகல் வாசம் வந்தது. புதுச் சக்கரம், அப்படித்தான் இருக்கும் என்று நினைத்தேன். தண்ணீர் விழுகிறதா என்று கண்ணாடி வழியாகப் பார்க்க முடியாமல் பட்டை மறைத்தது. வெட்டிய முகம் நீலம் பாரித்திருந்தது. வேலை குவிந்து கிடந்ததால், நீலம் போகும்வரை தேய்த்து அதோடு விட்டேன்.

கடினம் எக்கச்சக்கமாகக் காட்டியது. அப்படியே எழுதி அனுப்பினேன். மதியத்துக்குள் மேனேஜர், இரும்பு ரொம்ப இறுகிவிடாமல் இருக்கக் கலக்க வேண்டிய பொடியை அண்ணன் போடவில்லை என்று முடிவுகட்டி, அவரை உலையை விட்டு, அச்சுக்கு மண் சலிக்கும் மண் பிரிவுக்கு அனுப்பிவிட்டார். "போட்டனுங்க, என்ற கையாலயே போட்டனுங்க" என்று அவர் சொன்னது யார் காதிலும் ஏறவில்லை. நானும் குவிந்து கிடந்த வேலையைப் பார்க்கப் போய்விட்டேன். என் ரிப்போர்ட் தப்பாகுமா என்ற திமிர் எனக்கு.

மறுநாள் வேறொருவர் ஊற்றிய இரும்பும் அதே கருகல் வாசத்தோடு அதே கடினத்தைக் காட்டியது. சக்கரம் ஓய்ந்திருந்த கட்டிங் மெஷினின் மூடியைத் திறந்து, தண்ணீரை மட்டும் ஓடவிட்டுப் பார்த்தேன். குழாயில் தண்ணீர் சொட்டுச் சொட்டாகத்தான் வந்தது. அடியில் இருந்த தொட்டியைப் பார்த்தால், வடிகட்டி முழுக்க ஊறி உப்பிய சாமந்தி இதழ்கள். என் மாலையிலிருந்து உதிர்ந்தவை. தண்ணீர் இல்லாமல் வெட்டிய சூட்டில் சாம்பிளின் முகம் இறுகிப்போயிருக்கிறது. நான் தேய்த்து எடுத்தது நிறத்தைத்தான், இறுகிய பகுதியை அல்ல. தொட்டியைச் சுத்தம் செய்து, அண்ணன் ஊற்றிய கம்பியின் மிச்சத்தை மறுபடி வெட்டிப் பார்த்தேன். இரும்பில் ஒரு குறையும் இல்லை.

மேனேஜரிடம் ஒப்புக்கொண்டுவிட்டு நேராக மண் பிரிவுக்கு ஓடினேன். தலையெல்லாம் தூசியாக அண்ணன் மண்ணைச் சலித்துக்கொண்டிருந்தார்.

"அண்ணா, தப்பு என்னுதுங்க. நான் போட்ட மாலைதான் தண்ணியை அடைச்சுப்போட்டுதுங்க. உங்க இரும்பு நல்லாத்தான் இருக்குது."

நாலு வார்த்தை திட்டுவார் என்று நின்றேன். திட்டியிருந்தால் எனக்கு ஆறியிருக்கும். அவர் சல்லடையைக் கீழே வைத்தார்.

"நேத்துலிருந்து யோசிச்சு யோசிச்சு, பொடியைப் போடாம உட்டுப்போட்டனோன்னு எனக்கே தோணிப்போச்சுங்க அம்மணி."

அன்றே உலைக்குத் திரும்பினார். அதன் பிறகு பொடியைக் கையில் எடுத்தால், பக்கத்தில் யார் இருந்தாலும் கூப்பிட்டு, "பாத்துக்குங்க, போடறனுங்க" என்று சொல்லிவிட்டுத்தான் போட்டார். நான் அந்த பவுண்டரியை விட்டு வரும்வரை அவர் அப்படித்தான் செய்துகொண்டிருந்தார்.