நான் இந்த நாட்டவன் என்பதற்குச் சாட்சி

இன்று பஸ்ஸில் ஒருவர் அடையாள அட்டையைத் தேடித் தவித்தார். எனக்கு எண்பதுகளின் கல்முனை, என் சொந்த ஊர், ஞாபகம் வந்தது.

அப்போது நான் சட்டக்கல்லூரி மாணவன். மலையகத் தேயிலைத் தோட்டத் தொழிலாளருக்குக் குடியுரிமை கேட்டு நடந்த ஊர்வலத்தில் பதாகை பிடித்து முன்னால் நடந்தேன்.

சந்தியில் பொலிஸ்காரர் மறித்தார்.

"ஐடென்டிட்டி எங்க?"

அது கொழும்பில், என் அறையில்.

"சேர், நான் சட்டம் படிக்கிறன். குடியுரிமைச் சட்டத்தில..."

"சட்டம் கதைக்காம ஜீப்பில ஏறு!"

பின்னால் நின்ற மாரிமுத்து அண்ணன் ஓடிவந்தார். சந்தியில் தேத்தண்ணிக் கடையில் வேலை செய்பவர். பதுளைத் தோட்டத்தில் பிறந்தும் எந்த நாட்டுக் குடியுரிமையும் இல்லாதவர். ஊர்வலமே அவரைப் போன்றவர்களுக்காகத்தான்.

"சேர், தம்பி நம்ம ஆதம்பாவா ஹாஜியார் மகனுங்க. இந்த ஊர்தாங்க. எனக்கு நல்லாத் தெரியும்."

தினமும் அவர் கையால் தேத்தண்ணி குடிக்கும் பொலிஸ்காரர் உடனே இளகினார்.

"ஓ, மாரிமுத்து சொன்னாச் சரி. இந்தப் பதிவுப் புத்தகத்தில ஒரு கையெழுத்து வை."

நான் இலங்கையன் என்று மாரிமுத்து அண்ணன் கையெழுத்திட்டார். எனக்கு வெட்கத்தில் முகம் எரிந்தது. அவரோ பெருமையோடு என் தோளில் தட்டினார்.

இத்தனை வருடம் வழக்காடியும் எனக்கு விளங்கவில்லை. அந்தச் சாட்சியம் செல்லுமா? சட்டத்தரணி நண்பர்களே, சொல்லுங்கள்.