மேடையில் நாற்காலி கேட்ட சாமியம்மாள்

சாமியம்மாள் நெய்வேலி நகரியத்தில் இஸ்திரி வண்டி வைத்திருப்பவர். குள்ளஞ்சாவடிப் பக்கத்துக் கூலிக் குடும்பத்தில் பிறந்தவர். வடலூர் சாலையில் லாரி மோதி, வலது காலை முழங்காலுக்குக் கீழே இழந்தார். கிறிஸ்துவிடம் வந்தது அதற்குப் பிறகு. செயற்கைக் கால் பொருத்தி, கைத்தடியை வண்டியில் சாய்த்துவிட்டு, பகல் முழுவதும் நின்று தேய்க்கிறார். சாந்தமான பெண்மணி என்று யாரும் அவரைச் சொல்லிவிட முடியாது. பொத்தான் உடைந்ததென்று சண்டைக்கு வருபவர்கள் கொண்டுவந்ததைவிட அதிகமாக வாங்கிக்கொண்டு போவார்கள். கரியைப் பற்றவைக்கும்போது ஜெபிப்பார். கரி பற்றாவிட்டால் அந்த ஜெபத்திலேயே கர்த்தரையும் கடிந்துகொள்வார்.

இவரை அவருடைய சபையின் விழாக் குழு ஒருநாள் கண்டுபிடித்தது. பல ஆண்டுகளாகக் கடைசி வரிசையில், தூணோரம் காலை நீட்டி அவர் உட்கார்ந்திருந்தபோது ஒருவர் கண்ணிலும் படவில்லை. ஆண்டு விழாவில் சாட்சி சொல்ல ஆள் தேவைப்பட்டதும் அந்தக் கால் எல்லோர் கண்ணிலும் பட்டுவிட்டது. குழுவினர் பெரும்பாலும் நிலக்கரி நிறுவனத்தின் பெர்மனென்ட் வேலையிலிருந்து ஓய்வுபெற்றவர்கள். ஷிப்ட் அட்டவணை போட்டுப் பழகிய அந்தக் கைகள் பரிசுத்த ஆவியானவருக்கும் நிகழ்ச்சி நிரலில் நேரம் ஒதுக்கியிருந்தன. சாமியம்மாள் என்ற பெயர் சுவரொட்டிக்கு ஆகாதென்று ‘சகோதரி சாராள்’ என அச்சடித்தார்கள். உரியவரிடம் கேட்க வேண்டுமென்று ஒருவருக்கும் தோன்றவில்லை.

விழாவுக்கு முந்தைய நாள், குழுச் செயலாளர் தம் வெள்ளைச் சட்டைகளோடு வண்டிக்கு வந்தார்.

“தடியைக் கீழேயே வெச்சிட்டு ஏறிடுங்கம்மா. நாலு படிதான். வலியெல்லாம் கர்த்தர் எடுத்துட்டாருன்னு சொல்லி முடிச்சிடுங்க.”

“வலி இருக்குதேங்க.”

“இருக்கட்டும்மா. அதைச் சொன்னா ஜனங்க சோர்ந்துபோவாங்க. சாட்சின்னா ஊக்கமா இருக்கணும்.”

“அப்ப வலி இருக்கறவங்க எந்தக் கூட்டத்துக்குப் போவாங்க? அதுக்கும் ஒரு நோட்டீஸ் அடிச்சிடுங்க.”

செயலாளர் சிரித்துக்கொண்டே போனார். தமக்குச் சொல்லப்படும் எதையும் சம்மதமாகவே கேட்கும் காது சிலருக்கு வாய்த்துவிடுகிறது.

சாமியம்மாளுக்கு அன்று சிரிப்பு வரவில்லை. காரணம், அடுத்த வீட்டு வேலுமணி. கான்ட்ராக்ட் சுமைத் தொழிலாளியான அவருக்குச் சர்க்கரை நோயால் ஒரு கால் எடுக்கப்பட்டிருந்தது. அதன்பின் அவர் வாசலைத் தாண்டவில்லை. செயற்கைக் காலுக்கு அளவெடுக்கவும் மறுத்துவிட்டார். அவர் மனைவி கண்ணகி மன்றாடியதில் விழாவுக்கு மட்டும் வர இசைந்திருந்தார். “அந்தக்கா என்னா பேசுதுன்னு பாக்கறேன். வலியில அது முனவறது நம்ம வூட்டு வரைக்கும் கேக்குதே” என்றாராம். வலி போய்விட்டதென்று சாமியம்மாள் மேடையில் சொன்னால், வேலுமணி வீட்டுக்குள் போய்ப் படுத்துக்கொள்வார்; பிறகு யார் பேச்சையும் நம்பமாட்டார். இது சாமியம்மாளுக்கும் தெரியும், கண்ணகிக்கும் தெரியும்.

விழாவன்று, பத்திரமாக வைப்பதாகச் சொல்லி ஒரு குழு உறுப்பினர் கைத்தடியை வாங்கிக்கொண்டார். “கோலை எறிந்துவிட்டு வருகிறார், நம் சகோதரி சாராள்” என்று ஒலிபெருக்கி முழங்கியது. கைப்பிடிக் கம்பியைப் பற்றிக்கொண்டு, பல்லைக் கடித்தபடி சாமியம்மாள் ஏறினார். கைதட்டல் எழுந்தது. ஒருவர் படிகளில் ஏற வலிப்பதைப் பார்த்துக் கைதட்டுவது எத்தகைய பக்தி என்பதைத் தட்டியவர்கள்தாம் விளக்க வேண்டும்.

“எம் பேரு சாமியம்மா. ஒரு நாற்காலி போடுங்க. நின்னா வலிக்குது.”

செயலாளர் கைகாட்ட, கீபோர்டுக்காரர் மெல்ல இசைக்கத் தொடங்கினார்.

“தம்பி, செத்த நிறுத்துப்பா. நான் முடிச்சிட்டுப் போறேன், அப்பறம் வாசி.”

நாற்காலி வந்தது. உட்கார்ந்தார்.

“கர்த்தர் வலிய எடுக்கல. தெனம் கேக்கறேன், திட்டிகினேதான் கேக்கறேன். எடுக்கல. அவரும் எழுந்து போவல, நானும் அவர வுடல. திட்டி முடிச்சிட்டு வண்டியத் தள்ளிகினு போறேன். கால் மாட்ன புதுசுல குப்புற வுழுந்து பல்லு ஒடஞ்சுது. இப்ப வுழறதில்ல. அவ்ளோதாங்க சாட்சி. என் தடிய யாரு எடுத்துகினு போனது? குடுங்க.”

பின்வரிசையில் ஒருவர் வாய்விட்டுச் சிரித்தார். வேலுமணிதான். போதகர் அவசரமாக ஒலிவாங்கியை வாங்கி, சகோதரியின் விசுவாசம் இன்னும் பெருக வேண்டுமென்று நெடுநேரம் ஜெபித்தார். பெருக வேண்டியது யாருடையது என்று அவர் யோசித்ததாகத் தெரியவில்லை.

சபை வெளியிட்ட காணொளியில் சாமியம்மாள் படியேறுவது மட்டும் இருக்கிறது, தலைப்பு ‘அற்புதம்’. ஆண்டறிக்கையில், ‘சகோதரி சாராள் சுருக்கமாகச் சாட்சி பகர்ந்தார்’ என்று ஒரு வரி. இரண்டிலும் நாற்காலி இல்லை, வேலுமணியும் இல்லை.

மறுநாள் காலை, மைத்துனரின் பைக்கில் பின்னால் உட்கார்ந்து வேலுமணி இஸ்திரி வண்டிக்கு வந்தார்.

“எந்தப் பல்லு ஒடஞ்சுதுக்கா?”

சாமியம்மாள் வாயைத் திறந்து காட்டினார். வேலுமணி எட்டிப் பார்த்துத் தலையாட்டினார்.

“கால் அளவு எங்க எடுக்கறாங்கக்கா?”

“சொல்றேன். மொதல்ல அந்தச் சட்டயக் கழட்டிக் குடு. கசங்கினத மாட்டிகினுதான் அளவெடுக்கப் போவியா?”